பிளேஸ்மென்ட்டார் வீட்டு ஆழ்துளைக் கிணறு

தத்துவம் என்றால் என்ன என்று கடைசிவரை தெரிந்துகொள்ளாமலே தத்துவத்துக்காகச் சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் அதிகம் அலைந்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு மூன்றையும் எங்கள் பிளேஸ்மென்ட்டாருக்கே கொடுத்துவிடலாம். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சம்பள ரிஜிஸ்தரில் மட்டும் பயன்படுத்தினார்கள். வாட்ச்மேனிலிருந்து துணைவேந்தர் வரை எல்லோருக்கும் அவர் பிளேஸ்மென்ட்டார்தான். வீட்டில் அவருடைய மனைவியே போனை எடுத்தால், "பிளேஸ்மென்ட்டார் குளிக்கறாருங்க" என்றுதான் சொல்வார்.

நான் படித்தது தத்துவமும் அரசியலும். சேலத்தை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் படிப்பு. பாத்திரக்கடைக்காரர் மகள் எதற்காக இதைப் படிக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் படிப்பில் ஒரு விசேஷம் உண்டு. மூன்றாம் வருடம் வகுப்பே கிடையாது. வருடம் முழுக்க வெளியே ஏதாவது ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும். பன்னிரண்டு மாதமும் ஒரே இடத்தில். முடிவில் அந்த இடத்து முதலாளி, இன்னார் ஒழுங்காக வேலை பார்த்தார் என்று கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் தர வேண்டும். அது இல்லாமல் நான்காம் வருடத்துக்குள் கால் வைக்க முடியாது.

வெளிநாட்டில் எங்கேயோ இருந்து இந்த விதியைக் கொண்டுவந்த புண்ணியவான்கள், தத்துவம் படித்தவர்களை இங்கே யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று யோசிக்க மறந்துவிட்டார்கள். எங்களைச் சுற்றி இருந்தது கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை, போர்வெல் வண்டி. இதில் எந்த முதலாளியும் தத்துவம் படித்த ஆள் கிடைக்காமல் தூக்கம் கெட்டுக் கிடக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பிளேஸ்மென்ட்டார், எங்களுக்கு வேலைக்கு இடம் பிடித்துத் தரும் பிளேஸ்மென்ட் ஆபீசராக, எங்கள் துறைக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருபது வருடம் இருந்தவர். சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே நிற்கும் வண்டிக்குத் திரும்பிப் போக லோடு பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. காலியாக ஒரு வண்டி நிற்பதைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது. முதல் நாள் வகுப்பு வாசலில் நின்று எங்களை விரல்விட்டு எண்ணினார்.

"மொத்தம் பன்னெண்டு வண்டிங்களா? செரி. ஒண்ணுகூட காலியா நிக்கக் கூடாதுங்க."

பிறகு துறைத் தலைவரிடம் போனார். "ஏனுங்க சார், பார்ட்டி கேட்டா நாம சொல்லோணுமல்லங்க. தத்துவம்னா என்ன சரக்குங்க?"

துறைத் தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். அவர் அப்படித்தான். பிளேஸ்மென்ட்டார் பணிவாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, டைரியை எடுத்து ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்த எங்களுக்கு மூச்சு முட்டச் சிரிப்பு. 'உண்மை. நெம்ப நேரம் ஆகும்' என்று எழுதியிருந்தார். நான்கு வருடம் படித்த பிறகும் எனக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, ஒரு மொபெட்டில் முன்னால் டிபன் பாக்ஸையும் பின்னால் எங்கள் பயோடேட்டாவையும் கட்டிக்கொண்டு கிளம்பினார். போகிற இடத்துக்குத் தகுந்தபடி சரக்கின் பெயரை மாற்றிவிடுவார். கோழிப்பண்ணைக்காரரிடம், "இந்தப் பையன் அரசியல் படிச்சவனுங்க. தீவன வெலையை ஆரு ஏத்தறாங்க, எதுக்கு ஏத்தறாங்கன்னு புட்டுப் புட்டு வெச்சிருவான்" என்றார். பண்ணைக்காரர் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "தத்துவமும் படிச்சிருக்கறயாமா. கோழி மொதல்லயா, முட்டை மொதல்லயா?" என்று கேட்டுவிட்டார். அவன் நாற்பது நிமிடம் பதில் சொன்னான். பொறுமையாகக் கேட்ட அவர், "தம்பி, எங்களுக்கு ஹேச்சரியில இருந்து வேன்ல குஞ்சு வருது. குஞ்சுதான் மொதல்ல" என்று சொல்லி வேலை கொடுத்தார். அவன் இன்றுவரை அந்தப் பதிலை மறுக்க முடியாமல் தவிக்கிறான்.

லாரிப் பட்டறையில் இன்னும் ஜோர். "வண்டிக்குப் பொறத்தால ரெண்டு வரி எழுதறீங்களே, அது என்னுங்க? தத்துவந்தானுங்களே. அதையே நாலு வருசம் உக்காந்து படிக்கற ஆள் நம்மகிட்ட இருக்குதுங்க" என்று சொல்லி இன்னொருவனை அங்கே ஏற்றிவிட்டார். அவன் போன முதல் வாரமே ஒரு லாரியின் முதுகில் ஆறு வரிக்கு வாழ்க்கையின் பொருளை எழுதினான். ராசிபுரம் போகிற ரோட்டில் அதைப் படித்து முடிக்க ஆசைப்பட்ட ஒரு வேன்காரர், நெருங்கி நெருங்கி வந்து லாரியின் மேலேயே மோதிவிட்டார். யாருக்கும் அடியில்லை. அதற்கப்புறம் அவனுக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் எழுத அனுமதி இல்லை.

இப்படிப் பதினோரு வண்டிக்கும் லோடு கிடைத்துவிட்டது. நான் மட்டும் காலியாக நின்றேன். பெண்பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வது என்று எல்லோரும் கையை விரித்தார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. நாங்கள் முஸ்லிம்கள், அப்பாவை அத்தா என்போம். அத்தா கோபக்காரர் இல்லை, ஆனால் சொன்ன சொல் மாற மாட்டார். அதுதான் எனக்குப் பயம். "வருஷம் பூரா வேலைக்கு அனுப்பறதுக்குப் படிப்பு எதுக்கும்மா? சரி, ஒரு வருஷம் தர்றேன். அந்தச் சான்றிதழ் கைக்கு வந்தா மேல படி. வரலைன்னா, அதோட சரி. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அதோட சரி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஈரோட்டில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

இது தெரிந்ததும் பிளேஸ்மென்ட்டார் நேராக எங்கள் கடைக்கே வந்துவிட்டார். "சாமி, நீங்க பயப்படாதீங்க. காயிதத்தை வாங்கித் தாரது என் பொறுப்பு" என்றார் என்னிடம். அத்தா என்னைத் தனியே அழைத்து, "இவர் ஏம்மா உன்னைச் சாமிங்கறாரு?" என்று சங்கடப்பட்டார். அதற்குள் பிளேஸ்மென்ட்டார், "வாரேனுங்க சாமி" என்று அத்தாவுக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். நாமக்கல் பக்கம் கைக்குழந்தையும் சாமி, கிழவரும் சாமி என்று விளக்கிச் சொல்லி அத்தாவைத் தேற்றினேன்.

அடுத்த வாரம் என்னைத் திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் ஆபீசில் கொண்டுபோய் நிறுத்தினார். வாசலில் துளை போடும் ரிக் லாரி மூன்று நின்றது. உள்ளே முதலாளி, நல்ல ஆகிருதி, போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். கத்தி முடிக்கும்வரை காத்திருந்து பிளேஸ்மென்ட்டார் மெதுவாக ஆரம்பித்தார்.

"உங்க தொழில்ல நெம்ப செரமமான வேலை எதுங்க?"

"வேறென்னங்க. தண்ணி வராமப் போறதுதான். பாயிண்ட்டைக் காட்டறது பார்ட்டி. போட்டுக் குடுக்கறது நாம. கல்லுப் பொகை மட்டும் வந்துச்சுன்னா சண்டைக்கு வாரது நம்மகிட்ட. அழுவறாங்க, மண்ணை வாரித் தூத்தறாங்க. எங்க பசங்க பைப்பைக் கழட்டறதுக்கு முந்தி ஓடி வாரானுங்க."

"அதுக்குத்தானுங்க தத்துவம்" என்றார் பிளேஸ்மென்ட்டார், என்னைக் கையால் காட்டி.

"இந்தப் புள்ள என்ன பண்ணும்?"

"ஆறுதல் சொல்லுமுங்க. நாலு வருசம் அதுக்குன்னே படிக்குதுங்க."

நான் அப்போது இரண்டு வருடம்தான் படித்திருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் ஆறுதல் என்று ஒரு பாடம் இருந்ததாக நினைவில்லை. ஆனால் முதலாளியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

ஆபீசில் போன் எடுப்பேன். பக்கத்து ஊரில் ஏதாவது போர் பெயிலானால் மேனேஜர் காரில் என்னை அழைத்துக்கொண்டு போவார். முதல் கேஸ் வெண்ணந்தூரில், ஒரு தறிக்காரர் வீடு. மனிதர் வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் படித்ததையெல்லாம் திரட்டி, "ஒண்ணு இல்லைன்னு தெரிஞ்சுக்கறதும் ஒரு அறிவுதாங்க" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "அறிவை வெச்சு மாட்டுக்குத் தண்ணி காட்ட முடியுங்களா சாமி?"

அழுதுவிட்டேன். அந்த மனிதர் பதறிப்போய், "அட, நீங்க எதுக்குங்க அழுவறீங்க. போச்சாதுங்க, உடுங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்லி டீ போட்டுக் கொடுத்து அனுப்பினார். அன்றைக்குத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். பேசக் கூடாது. பக்கத்தில் உட்கார வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். கொடுத்த டீயைக் குடிக்க வேண்டும். ஆறே மாதத்தில், தண்ணீர் வராத வீடுகளிலும் எங்கள் ஆட்களுக்குச் சோறு போட ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளி மற்ற ரிக்காரர்களிடம், "எங்ககிட்டத் தத்துவம் இருக்குதுங்க" என்று பெருமை பேச ஆரம்பித்தார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பத்தாம் மாதம்தான் நான் சொதப்பினேன்.

நீரோட்டம் பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு பெரியவர் இருந்தார். உரித்த தேங்காயைப் படுக்கையாக உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். தண்ணீர் உள்ள இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அது எப்படி என்று என் தத்துவத்தைக் கேட்காதீர்கள். ராசிபுரம் பக்கத்தில் ஒரு பார்ட்டி வீட்டில் தேங்காய் மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் எழுந்து நின்றது. பார்ட்டியோ வாஸ்துப்படி ஈசான மூலையில்தான் போட வேண்டும் என்றார். இந்த மாதிரி நேரத்தில் எங்கள் ஆபீஸ் வழக்கம் ஒன்றுதான். பார்ட்டி விரல் காட்டுகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு துளை போடு. எப்படியும் பெயிலாகும் என்று மேனேஜர் என்னை முன்கூட்டியே கூட்டிப் போயிருந்தார். வண்டி வந்து ஜாக்கி போட்டு நின்றுவிட்டது. அப்போது பார்ட்டி, நான் ஏதோ ரெக்கார்டு எழுத வந்தவள் என்று நினைத்து என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சாமி. இங்க தண்ணி வருமுங்களா?"

"வராதுங்க" என்றேன். உண்மைக்கு நெம்ப நேரம் ஆகும் என்றார்கள். எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பார்ட்டி குழம்பிப் போய், ஜோசியரைக் கேட்டுவிட்டுச் சொல்வதாக வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். சாயங்காலம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை.

"நாளையில இருந்து வர வேண்டாஞ் சாமி. நீங்க நெம்ப நல்ல புள்ள. அதுதான் தொந்தரவு."

இன்னும் இரண்டு மாதம். புதிதாக ஓர் இடம் பிடித்தாலும் மறுபடி பன்னிரண்டு மாதம் என்பது விதி. அத்தா கொடுத்தது ஒரே வருடம். ஆபீஸ் வாசலில் நின்று பிளேஸ்மென்ட்டாருக்குப் போன் போட்டேன். அழத்தான் வந்தது. "அங்கயே நில்லுங்க சாமி, வாரேன்" என்றார். சேலத்திலிருந்து அந்த மொபெட்டிலேயே வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் முதலாளி முன்னால் உட்கார்ந்தார்.

"இந்தப் புள்ள பொய் சொல்லுச்சுங்களா?"

"உண்மையச் சொல்லுச்சுங்க. அதுதானுங்க பிரச்சனையே. உண்மையச் சொன்னா பார்ட்டி ஓடிப் போயிருமுங்க."

"எல்லாப் பார்ட்டியுமுங்களா?"

"எல்லாருந்தானுங்க."

"தண்ணி வராதுன்னு இந்தப் புள்ள வாயால கேட்டுப்போட்டும், பரவால்ல போடுங்கன்னு ஒரு பார்ட்டி சொன்னா? அப்ப வெச்சுக்குவீங்களா?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியொரு கிறுக்கன் இருந்தாக் கூட்டியாங்க பாக்கலாம்."

பிளேஸ்மென்ட்டார் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நாந்தானுங்க. ஊட்டுல ஒரு போர் போடோணும். வண்டியை எப்ப அனுப்பறீங்க?"

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏற்காடு மலையடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கிற அவர் வீட்டுக்கு ரிக் போய்ச் சேர்ந்தது. வேடிக்கை பார்க்க முதலாளியே வந்துவிட்டார். தேங்காய்ப் பெரியவர் சுற்றி நடந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் தேங்காய் எழுந்து நின்றது. பிளேஸ்மென்ட்டார் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. எதிர்மூலையில் தரைக்கு மேலேயே பாறை முதுகைக் காட்டிக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்று, காலால் ஒரு வட்டம் போட்டார்.

நான் கிட்டே போய்க் கிசுகிசுத்தேன். "சார், வேண்டாம் சார். கேட் பக்கத்துலயே போடலாம் சார். இங்க வராது சார்."

"சத்தமாச் சொல்லுங்க சாமி. ஓனருக்குக் கேக்கோணுமல்ல."

"இங்க தண்ணி வராதுங்க! கீழ வெறும் பாறைங்க!" என்று கத்தினேன். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கேட்டுக்கிட்டேனுங்க" என்றார் பிளேஸ்மென்ட்டார், கைகட்டிக்கொண்டு. "தண்ணி வராது. செரி. போடுங்க."

போட்டார்கள். மதியம்வரை அந்தத் தெருவில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. பாறைப் பொடி வெள்ளையாகக் கிளம்பி எல்லோர் மேலும் படிந்தது. நானூறு அடி, பொடி. அறுநூறு அடி, பொடி. முதலாளிக்கே மனசு கேட்கவில்லை. "போதுமுங்க, நிறுத்திக்கலாமுங்க. எனக்கு வெளங்கிருச்சுங்க" என்று கெஞ்சினார். "எண்ணூறுன்னு பேசிருக்குதுங்களே" என்றார் இவர். எண்ணூறு அடியிலும் ஒரு சொட்டு இல்லை.

இன்ஜின் நின்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போர் பெயிலானால் பார்ட்டி பக்கத்தில் போய் உட்கார வேண்டியது என் வேலை. கவிழ்த்துப் போட்ட வாளிமேல் பிளேஸ்மென்ட்டார் உட்கார்ந்திருந்தார். தலைமுடி, மீசை, சட்டை எல்லாம் வெள்ளை. போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஆரம்பிங்க சாமி. ஆறுதல் சொல்லுங்க."

எத்தனை வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை. ஓவென்று அழுதேன்.

"அழுவாதீங்க. மூஞ்சி சேறாகிப் போச்சு பாருங்க" என்றார். முதலாளி தன் தோள் துண்டை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு, "திங்கக்கெழமை ஆபீசுக்கு வந்துருங்க சாமி" என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து ஆபீசில் புது வழக்கம் வந்தது. வண்டி கிளம்புவதற்கு முன்பே பார்ட்டியிடம் நான் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். கேட்டுவிட்டும் போடச் சொல்கிறவர்களுக்குத்தான் போடுவார்கள். முதலாளி பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. ஈசான மூலைக்காரர்கள் பாதிப் பேர் உண்மையைக் கேட்டுவிட்டும் அசையவில்லை. தண்ணீர் வராமல் போனால், "அந்தப் புள்ள அப்பவே சொல்லுச்சுங்க" என்று அவர்களே சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். சண்டையே இல்லை. இரண்டு மாதம் கழித்து முதலாளி சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அத்தா அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, நான்காம் வருடத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். சொன்ன சொல் மாறாதவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றை மட்டும் இதுவரை சொல்லவில்லை. முகம் கழுவ வேண்டும் என்று கேட்டேன். அவர் மனைவி என்னை வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே ஒரு கிணறு. எட்டிப் பார்த்தால் என் வெள்ளை முகம் கிட்டத்திலேயே தெரிந்தது. அவ்வளவு தண்ணீர்.

"சித்திரையில கூட வத்தாதுங் சாமி இது" என்று வாளியை விட்டபடி அந்த அம்மா பொருமினார். "தெருவே இங்கதான் மொண்டுக்குது. இத்தனை தண்ணியக் கையில வெச்சுக்கிட்டு இந்த மனுசனுக்குப் போர் எதுக்குன்னு நீயாச்சும் கேளு. நீதான் நெம்பப் படிக்கிறியாமா."

கேட்டேன். பிளேஸ்மென்ட்டார் மீசையைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொண்டே சொன்னார். "அதுக்கென்ன பண்றதுங் சாமி. ஒரு வண்டி காலியா நிக்குது. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுங்களா?"

சான்றிதழ் வந்த அன்றைக்குத்தான் வீட்டில் இதைச் சொன்னேன். மறுநாள் அத்தா கடையிலிருந்து இருப்பதிலேயே பெரிய பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போனார். பிளேஸ்மென்ட்டார் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க சாமி, போருதான் பெயிலாப் போச்சுங்களே. இதுல எதைப் புடிக்கறதுங்க?"

"கிணத்துல நிறையக் கிடக்குன்னு பொண்ணு சொல்லுச்சுங்க, சாமி" என்றார் அத்தா. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நான் முதல் தடவையாக அன்றைக்குத்தான் கேட்டேன்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறேன். பிளேஸ்மென்ட்டார் ஓய்வு பெற்றுவிட்டார். பாறைமேல் அந்தத் துளைக்கு இரும்பு மூடி போட்டு வெல்டிங் வைத்திருக்கிறார். சாயங்காலம் டீ டம்ளர் வைக்க அது வசதியாக இருக்கிறதாம். ஏற்காட்டுக்குப் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் மலை ஏறுவேன். பன்னிரண்டு பேருக்கு ஊர் ஊராக அலைந்து இடம் பிடித்துக் கொடுத்த மனிதருக்கு என்னிடம் ஒரு இடம் இருக்கிறது. அத்தாவுக்கு அடுத்த இடம்.